பத்து மீட்டருக்குள்

மதியம் மூன்று மணி. உப்பு ஏரியைச் சுற்றிப் போகிற சாலை. ஈ, காக்கை கிடையாது...

கரண்ட் போய் நாம் இந்தக் கடை வாசலில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறோமே, இந்த இருட்டு அன்றைக்கு அங்கே இல்லை. கண்ணைக் குத்துகிற வெயில். வெயிலில்தான் நடந்தது.

என் கூட்டாளியின் மச்சினன் எலீஹியோ. கார்களுக்கு ரேடியோ மாட்டுகிறவன். அவன் அண்ணன் பெர்மின் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனான். ஜீப் கரையில் நின்றது. ஆள் இல்லை. இரண்டு மாதம் ஆகியும் உடம்பு கிடைக்கவில்லை.

செத்தவருக்கு வைக்கிற ஒன்பது நாள் ஜெபத்துக்கு பெர்மினின் மனைவி, அண்ணி மிரெலிஸ், சம்மதிக்கவே இல்லை.

"முகத்தைப் பாக்காம எப்படி தம்பி மெழுகுவத்தி ஏத்துவேன்? உசுரோட இருக்கிற மனுஷனை வழியனுப்பிட்டா, அவரு எந்த வீட்டுக்குத் திரும்புவாரு?"

கதவைத் தாழ் போடாமல் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு இறங்கவில்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டது. அண்ணனைக் கண்டுபிடிக்காவிட்டால் அண்ணியையும் புதைக்க வேண்டியதுதான் என்று எலீஹியோ பயந்தான்.

அன்றைக்கு அண்ணனின் ஜீப்பில் தனியாக வந்துகொண்டிருந்தான். ஏரி வளைவு. உப்பில் செத்து நிற்கிற மரங்கள். அழுகிய முட்டை நாற்றம்...

டிங்.

ரேடியோவில் ஒரு பெண் குரல். "இணைந்தது." திரையில் பெர்மினுடைய போனின் பெயர்.

"ரெண்டு மாசம் சார்ஜ் நிக்குதா? எந்தக் கடையில விக்குதுன்னு சொல்லு, எனக்கும் ஒண்ணு வாங்குறேன்" என்கிறான் இங்கே உட்கார்ந்திருக்கிற நம்ம சாகோ. சிரி, சிரி. எலீஹியோவுக்கும் முதலில் அதேதான் தோன்றியது.

ஆனால் புளூடூத் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. போனும் ரேடியோவும் ஒரு தடவை ரகசியச் சாவியை மாற்றிக்கொண்டால் போதும். அப்புறம் கிட்டே வந்தாலே ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ரொம்பச் சின்ன அலை. பத்து மீட்டர் தாண்டினால் தடுமாறும். தண்ணீர் அதை விழுங்கிவிடும்.

அப்படியென்றால் போன் ஏரிக்குள் இல்லை. இங்கே, தரையில், பக்கத்தில்...

வண்டியை முன்னே நகர்த்தினான். அறுந்தது. பின்னே வந்தான். டிங். கரைப் பக்கம் இறக்கினான். அண்ணனுக்குப் பிடித்த பச்சாத்தா, நம்ம ஊர்க் காதல் பாட்டு, தானாகத் தொடங்கியது. கிதார் தெளிவாகக் கேட்டது. இறங்கிக் கையாலேயே மண்ணைத் தோண்டினான். கல், உப்பு, ஓர் உடும்பின் எலும்பு. வேறொன்றும் இல்லை.

திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்து அழுதான்.

அப்போது பாட்டு நின்றது. ஒரு நொடி. மறுபடி வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து... மறுபடி விட்டது. வந்தது.

மனுஷ உடம்பு பாதிக்கு மேல் தண்ணீர். போனுக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஆள் போனால் இப்படித்தான் விட்டு விட்டுக் கேட்கும். தினமும் கடையில் பார்க்கிறதுதான்.

கண்ணாடி வழியே பார்த்தான். வெயில். வெறும் தரை.

பாட்டு விட்டது. வந்தது. யாரோ ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடக்கிற மாதிரி.

அண்ணன்தான் என்று நினைத்தான், பாவம். அந்த ரோட்டில் கையாட்டுகிற எவரையும் ஏற்றிக்கொள்வது நம் வழக்கம். பழகின வாய். பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"ஏறிக்கோங்க... இடம் இருக்கு."

அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடவில்லை.

ஜீப் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. அப்புறம்... இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பாட்டு சுத்தமாக, ஒரு தடங்கலும் இல்லாமல் ஒலித்தது. வண்டியைக் கிளப்பினான். பத்து மீட்டர் தாண்டியது. சோதனைச் சாவடி தாண்டியது. ஊர் எல்லை தாண்டியது. இணைப்பு... அறுந்து போகவே இல்லை என்கிறேன். பக்கத்து சீட்டுப் பக்கம் அவன் கழுத்தைத் திருப்பவில்லை. ஈர மண் வாசனை மட்டும் மூக்கில் ஏறியது.

வாசலில் மிரெலிஸ் நின்றாள். அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். அவள் ஜீப்பை ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு உள்ளே போய் மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள். இரண்டு மாதமாக மறுத்த ஜெபத்துக்கு அவளே பக்கத்து வீட்டுப் பெண்களை அழைத்தாள்.

செத்தவர் தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைப்போம் இல்லையா... அவள் இரண்டு வைத்தாள்.

"ரெண்டு எதுக்கு அண்ணி?"

அவள் திரும்பவில்லை. துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"ஒண்ணு உன் அண்ணனுக்கு. இன்னொண்ணு அவரு கூட வந்தவங்களுக்கு. போய்க் கூப்பிடு தம்பி... அவங்க இன்னும் வண்டியை விட்டு இறங்கல."