நான்காவது கட்டம்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளியில் கரும்பலகையில் தலைப்பு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அந்தத் தாள்களைப் படிக்க நீங்கள் சிரமப்பட்டிருக்க மாட்டீர்கள்.

மனநோய் உள்ளவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களில் ஒவ்வொருவருக்கும் தினம் ஒரு தாள் உண்டு. அதில் நான்கு கட்டங்கள். சாப்பாடு, தூக்கம், மருந்து, நடத்தை. முதல் மூன்றை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். சாப்பிட்டாரா, தூங்கினாரா, விழுங்கினாரா, அவ்வளவுதான். நான்காவதில்தான் ஆள் இருக்கிறார். எங்கள் இல்லத்துக்கு டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பேர். முதலில் நான்காவது கட்டத்தைப் படிப்பார். அதற்குப் பிறகு பல நாள் ஆளைப் பார்க்க நேரம் இருக்காது. அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

அங்கே பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். வாயே திறக்காத ஒருவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார் என்று பார்த்து, கடைவாய்ப் பல் சொத்தையைக் கண்டுபிடித்தது நான்தான். ஓர் அம்மா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தபோது நோய் முற்றுகிறது என்றார்கள். நான் வாளியில் கையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. வெந்நீர் ஊற்றிய அன்று அந்த அம்மா பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்.

இவ்வளவு கவனம் எனக்கு வந்ததற்குக் காரணம் என் தம்பி. அவன் இருந்தது வேறோர் இல்லம், வேறோர் ஊர். வயது இருபத்தாறு. பதினான்காம் எண் கட்டில். ஒருநாள் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினான். ஐந்தாம் நாள் நான் போய்ப் பார்த்தேன்.

"அக்கா, நெசமாவே வலிக்குதுக்கா. இங்க யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றான்.

அங்கே வார்டன் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மரியாதையான மனிதர். "வலி இருக்கிற மாதிரி அவனுக்குத் தோணுதும்மா. நாம தலையாட்டினா இன்னும் கூடிடும். கண்டுக்காம விட்டுட்டா தானா அடங்கிடும்" என்றார்.

நான் அவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் கதையைச் சொன்னேன். இருவரும் சிரித்தோம். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நான்கு நாள் கழித்துக் குடல்வால் வெடித்து இறந்தான். அவனுடைய சட்டைகளோடு ஒன்பது தாள்களையும் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்பது நாளும் நான்காவது கட்டத்தில் ஒரே வாக்கியம். 'உடலில் இல்லாத வலியை இருப்பதாகச் சொல்கிறார்.' வார்டனின் கையெழுத்து. ஐந்தாம் நாள் மட்டும் கீழே ஒரு வரி கூடுதலாக இருக்கும், வழக்கம்தான் என்று அக்காவும் உறுதி செய்தார் என்று. அதை எழுதியது அவர். நான் அல்ல.

அந்த வார்டனைப் போன வருடம் எங்கள் இல்லத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் தேடிப் போகவில்லை. மனைவி இறந்த பிறகு சாப்பிடாமல், அணைத்து வைத்த டிவியைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். மகன் வெளிநாட்டில். இரண்டு மூன்று மாதத்தில் தேறிவிடுவார் என்றார் டாக்டர். தேறியிருப்பார் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

முகம் மாறியிருந்தது. குரல் மாறவில்லை. முதல் நாளே, "சாப்பாடு ஆறிப் போயிருக்கேம்மா" என்றார். ஆறித்தான் போயிருந்தது. 'உணவில் குறை காண்கிறார்' என்று எழுதினேன். மறுநாள் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருப்பதால் தூக்கம் வரவில்லை என்றார். கொக்கி கழன்றிருந்தது உண்மை. 'சத்தங்கள் கேட்பதாகச் சொல்கிறார்' என்று எழுதினேன்.

வியாழக்கிழமை ஒரு மாத்திரை கூடியது.

தாள்களை எடுத்துப் பாருங்கள். எதிலும் பொய் கிடையாது. அவர் சொன்னதை, சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறேன். நான்கு வாரத்தில் நடை குறைந்தது. எட்டு வாரத்தில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். பிறகு ஒரு காலை, இடது கெண்டைக்கால் வலிக்கிறது, கல் மாதிரி கனக்கிறது என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தேன். வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. அசையாமல் கிடப்பவர்களுக்குக் காலில் ரத்தம் கட்டும் என்று எனக்குத் தெரியும். போர்வையை மூடிவிட்டுத் தாளை எடுத்து, 'இடது கால் கல்லாகக் கனப்பதாகச் சொல்கிறார்' என்று எழுதினேன்.

"என்னம்மா எழுதுற?"

"உங்களைப் பத்தித்தான் சார்."

"காட்டேன்."

காட்டினேன். மெதுவாக, உதடு அசைய, கடைசி வார்த்தை வரை படித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நான் எழுதுற மாதிரியே இருக்கு" என்றார். "யாரும்மா நீ?"

"பதினாலாம் நம்பரோட அக்கா."

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "எந்தப் பதினாலு? அந்தக் கட்டில்ல எத்தனையோ பேர் இருந்தாங்களேம்மா."

அந்த நொடிவரை, அவர் மன்னிப்புக் கேட்டால் ஆம்புலன்சுக்குச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. நினைப்பு இருந்ததாகத்தான் இப்போது தோன்றுகிறது.

அன்று மாலை மகன் போனில் பேசினார். பெரியவர் தெளிவாகவே சொன்னார், "டேய், இந்தப் பொண்ணு என்னைக் கொல்லப் பாக்குதுடா. உடனே வாடா" என்று. மகன் என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"என்ன சிஸ்டர் இது? புதுசா ஏதேதோ சொல்றாரு?"

"சந்தேகம் கொஞ்சம் கூடியிருக்கு சார். நாம தலையாட்டினா இன்னும் கூடிடும்."

"பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம். ரொம்ப தேங்க்ஸ்."

'பராமரிப்பவர் தன்னைக் கொல்ல முயல்வதாகச் சொல்கிறார்' என்று அன்று எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதியவற்றில் அதைவிட உண்மையான வாக்கியம் இல்லை. வியாழக்கிழமை டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து அனுதாபத்தோடு சிரித்தார். மாத்திரையைக் கூட்டினார். போர்வையை விலக்கவில்லை.

என் தம்பி ஒன்பது நாள் தாங்கினான். இவர் ஆறு நாள்தான். ரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். கடைசி இரண்டு நாள் அவர் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அந்த இல்லத்தில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

அவரைக் கொன்றது நான்தான். தெரிந்து, யோசித்து, நாள் தவறாமல் எழுதிக் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். தம்பியின் ஒன்பது நாளுக்கு மூன்று நாள் குறைந்துவிட்டதே என்ற வருத்தம் உண்டு.

உங்கள் மேசையில் இருக்கும் அந்தத் துண்டுச் சீட்டைப் பற்றியும் கேட்டீர்கள். அது பக்கத்துக் கட்டில் டெய்லருடையது. தையல் கடை வைத்திருந்தவர். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். நாற்காலியை அளப்பார், தலையணையை அளப்பார், எனக்குத் தினமும் தோள் அளவு எடுத்துவிட்டு, "அக்கா, இளைச்சுட்டீங்க. ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைக்கணும்" என்பார். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னை அக்கா என்பார். ஒரு காலத்தில் அவர் தாளில் நான் எழுதியது என்ன தெரியுமா? 'டேப் இருந்தால் நிம்மதியாக இருக்கிறார். பிடுங்க வேண்டாம்.'

அவர் பெரியவரின் காலை அளந்துவிட்டார். மூன்று நாள் அளந்து, மாத்திரை அட்டையைக் கிழித்து அதில் எழுதி வைத்திருக்கிறார். வலது பதின்மூன்று. இடது பதினான்கு, பதினான்கரை, பதினைந்தேகால்.

"அக்கா, இந்தக் கால் ரெண்டேகால் இஞ்சு கூட இருக்கு. ஆளுக்கு வலிக்குதுக்கா. யார்கிட்டயாச்சும் சொல்லுங்கக்கா" என்றார்.

சத்தமாகச் சொன்னார். ஆபீஸ் ரூம் கதவு திறந்திருந்தது. மறுநாள் வியாழக்கிழமை.

'அளக்கும் பழக்கம் தீவிரமாகியுள்ளது. மற்றவர்களின் உடலை அளக்கிறார். அவர்களின் வலி தனக்குத் தெரிவதாகச் சொல்கிறார்' என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லை. டேப்பைக் கழற்றி என் அலமாரியில் வைத்தேன். பத்திரமாக இருக்கிறது. வியாழக்கிழமை அவருக்கும் ஒரு மாத்திரை கூடியது.

அவரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவர் மீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது, அவருக்கு ஒரு கெடுதலும் நான் செய்யவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார். நன்றாகத் தூங்குகிறார். மருந்தைத் துப்புவதில்லை. ஜன்னலோரம் உட்காரவைத்தால் எழுப்பும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

அமைதியாக இருக்கிறார்.