மந்திரியம்மா முன்னால் நாலு வார்த்தை

—அய்யா, அந்தப் பச்சைத் துண்டை மட்டும் தோள்ல இருந்து எடுத்துருங்க.

—நீதான தாயி பச்சையில ஏதாச்சும் போட்டுட்டு வரச் சொன்ன?

—சட்டையச் சொன்னேன் வேதமணி அய்யா. அயர்லாந்துக்காரங்க அவங்க தேசிய தினத்துக்குப் பச்சைதான் போடுவாங்க. நீங்க துண்டைப் போட்டுட்டு வந்தா, விவசாய சங்கத்து ஆளு மந்திரிகிட்ட மனு குடுக்க வந்திருக்காருன்னு கேட்டுலயே மறிச்சிருவாக.

—இன்னைக்கே மறிச்சிட்டாக. ராஜபாளையத்துல இருந்து பஸ் ஏறி ஒத்திகைக்கு வாரேன், செக்யூரிட்டி என்னமோ மறியல் பண்ண வந்தவன்கிட்டக் கேக்கமாதிரி பேரு ஊருன்னு கேக்கான். பாண்டிசெல்வி நர்ஸம்மா வரச் சொன்னாகன்னேன். பொறவுதான் விட்டான்.

—நாளைக்கு நானே வாசல்ல நிக்கேன். சரி, ஒருக்கா சொல்லிப் பாத்துருவோம். இங்கத்த நர்ஸுகளும் அவங்களப் பெத்தவங்களும் வார கூட்டம். அயர்லாந்து மந்திரியம்மா பேசி முடிச்சதும் உங்களக் கூப்புடுவோம். மைக்கப் புடிச்சதும் என்ன சொல்லுவீக?

—செத்த இரு. அவிய ஊருல பண்டிகை. நாளுங்கிழமையுமா வீட்டை விட்டுட்டு அந்தம்மா ஏன் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாராக?

—அது அவங்க வழக்கம்யா. தேசிய தினம் வந்தா மந்திரிமாரு ஆளுக்கொரு நாட்டுக்குப் போயி, எங்க நாடு இப்படியாக்கும், எங்ககிட்ட வேலைக்கு வாங்கன்னு பெருமையாப் பேசிட்டு வருவாங்க.

—பாவம்.

—யாரு?

—அந்தம்மா பிள்ளைக.

—பாயிண்டுக்கு வாங்கய்யா. எம்பேரு வேதமணி…

—எம்பேரு வேதமணி. எம்மக எலினா அயர்லாந்துல நர்ஸா இருக்கா. நல்ல சம்பளம், நல்ல மரியாதை. குளிருதான் எம்புட்டுன்னா…

—குளிரு வேண்டாம்.

—சரி, குளிரு வேண்டாம். என்னைய நல்லாப் பாத்துக்கிடுதா. வீட்டுல கேமரா மாட்டி வச்சிருக்கா. சோத்துத் தட்டை எடுத்துக்கிட்டு அதுக்கு நேரா உக்காந்துக்கிடுவேன், அப்பா சாப்புட்டாருன்னு அவ பாக்கட்டும்னு. பாக்காளா, டூட்டியில நிக்காளா, எனக்குத் தெரியாது. கை கழுவுற வரைக்கும் அதுகிட்டப் பேசிக்கிட்டே இருப்பேன்.

—கேமராவும் வேண்டாம்யா.

—நல்ல விசயம்தான தாயி?

—கேக்கவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும். அடுத்து?

—அடுத்து மந்திரியம்மாகிட்ட ஒரு விண்ணப்பம். எலினாவோட அம்மா கிருபாபாய் அடக்கத்துக்கு அவளால வர முடியல. லீவு கெடைக்கல. போன்ல பாத்துத்தான் அழுதா. மக வந்து நிக்கட்டும், பொறவு கல்லறைக்குக் கல்லு வைப்போம்னு வெறும் மண்ணாவே போட்டிருக்கேன். மழை பேஞ்சா மண்ணு அமுங்கிருது. நான் போயிப் போயி கையால அணைச்சு விடுதேன். ஒரே ஒரு வாரம் அவள அனுப்பி வைங்கன்னு…

—அய்யா, அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

—அதக் கேக்கத்தான் நான் வாரேன்னே ஒத்துக்கிட்டேன்.

—ஆஸ்பத்திரி லீவெல்லாம் மந்திரி பாக்க மாட்டாங்கய்யா.

—பாக்காட்டாப் போகுது. கேட்டோம்னு ஒரு ஆறுதல் இருக்கும்லா. வீட்டுல நான் யாருகிட்டச் சொல்ல?

—கூட்டம் முடியட்டும். மந்திரியம்மாவத் தனியாப் பாத்து நானே இங்கிலீஷுல சொல்லுதேன். சத்தியமாச் சொல்லுதேன். மேடையில மட்டும், நல்லா இருக்கேன், ஒத்தையா இருக்கமாதிரியே தெரியலன்னு சொல்லிருங்க.

—பொய் சொல்லச் சொல்லுத.

—ஒரு வார்த்தைதான்யா.

—அந்த ஒரு வார்த்தை என் வாயில வராது தாயி. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா, செம்பு வைக்க சத்தத்துக்கே நான் திரும்பிப் பாக்கேன்.

—அய்யா…

—நீ ஏன் இம்புட்டு மல்லுக்கு நிக்க? அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் எதச் சொன்னாலும் நீதான இங்கிலீஷுல சொல்லப் போற? உனக்குத் தோதா மாத்திச் சொல்லிக்கோ. நான் என் மனசுல உள்ளதச் சொல்லிட்டு எறங்கிருதேன்.

—எனக்கும் அங்க வேலை கெடைச்சிருச்சுய்யா. இன்னும் வீட்டுல சொல்லல. அப்பா கெடையாது, நான் ஒருத்திதான். நாளைக்கு முன்வரிசையில எங்கம்மா உக்காந்திருப்பாக. அவுகளுக்குத் தமிழ் தெரியும்.