பொட்டு வைக்காத படம்

மாலை ஏழு இருபது. கெடாவில் குருண் டவுனிலிருந்து உள்ளே போகிற தோட்டத்துச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். ஒரு விளக்குக் கம்பம்கூடக் கிடையாது...

சிரிக்காதே, அழகேசா. அவ்வளவு தைரியம் இருந்தால் எழுந்து போய் என் காரைப் பூட்டிவிட்டு வா. போகமாட்டாய் அல்லவா? அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு கேள். என்னோடு வேலை செய்கிற நளினியின் அக்கா புருஷன் சசிதரனுக்கு நடந்தது இது.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் கெடா தோட்டங்களிலிருந்து இந்திய விடுதலைப் படைக்குப் போய்ச் செத்தவர்களுடைய பெயரையும் படத்தையும் தேடி, இணையத்தில் நினைவிடமாகப் போடுகிற ஒரு குழு. சசிதரன் அதில் இருந்தார். சம்பளம் கிடையாது. நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு ஒரு திமிர் வரும், பார்... அவருக்கும் வந்தது.

அந்தச் சாலை போய் முடிகிற தோட்டத்தில் பாப்பம்மா என்று ஒருவர். எண்பது தாண்டியவர். அவருக்கு மூன்று வயதில் அப்பா பரஞ்சோதி படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனார். திரும்பவில்லை. கடிதமும் இல்லை. அம்மா மருதம்மாள் கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. செத்தவர் படத்துக்குத்தானே நாம் பொட்டு வைப்போம்? புருஷன் படத்தில் அவர் யாரையும் பொட்டு வைக்க விடவில்லை. செத்தபோதும் பூவும் பொட்டுமாகத்தான் போனார்.

படத்தை இரவல் கொடுத்தபோது பாப்பம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"பேரு போடுங்க தம்பி. செத்துட்டாருன்னு மட்டும் போட்டுடாதீங்க. அம்மாவுக்குக் கோவம் வந்துரும்."

தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தால், இறந்த வருடம் இல்லாமல் அந்த இணையப் பக்கம் படத்தை ஏற்கவில்லை. மனைவி பிரேமினி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். "ஒன்னும் ஆவாதுலா" என்று 1944 எனத் தட்டினார். மற்ற படங்களைப் போல இருக்கட்டும் என்று கணினியிலேயே பரஞ்சோதியின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டும் வைத்தார்.

மறுநாள் அசல் படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் அந்த ஏழு இருபது. படம் பக்கத்து இருக்கையில்.

முதலில் வாடை. ரப்பர் பால் உறைந்து புளித்த வாடை... அங்கே ரப்பர் மரங்களை வெட்டி இருபது வருடம் ஆகிறது. காரின் ஏர்கோனை நிறுத்தினார். வாடை கூடியது.

அப்புறம் பின்னிருக்கையில் சத்தம். டிக்... டிக்... கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக உடைக்கிற சத்தம். அவர் திரும்பவில்லை. நீ திரும்புவாயா? காதுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு பெண் குரல். அழுகை இல்லை, கோபம்.

"என்னைக் கேக்காம எப்படிடா என் தாலிய அறுத்த? இரு. ஒன் பொண்டாட்டிக்கிட்ட வர்றேன்."

படத்தைக் கொடுக்காமலே காரைத் திருப்பினார். வீட்டில் வந்து பார்த்தால் பின்னிருக்கை முழுக்கப் பச்சை வளையல் துண்டுகள். அப்போதே அந்தப் பதிவை அழித்துவிட்டார்.

விடிந்ததும் பிரேமினி ஹாலுக்கு வந்தாள். சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம். அதில் சசிதரனின் நெற்றியில் குங்குமப் பொட்டு... ஈரமாக. சட்டத்தின் கண்ணாடிக்கு உள்ளே.

சட்டத்தைப் பிரித்துத் துடைத்தாள். மறுநாள் மறுபடியும் இருந்தது. சசிதரன் ஓடிப்போய்ப் பரஞ்சோதியின் படத்தைக் கொடுத்து, பாப்பம்மாவின் காலில் விழுந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்.

"எனக்குக் கோவம் இல்லியே தம்பி. நான் என்னா செய்ய?"

சசிதரன் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறார். பிரேமினி தினமும் துடைக்கிறாள். போன வாரம் நளினி அந்தப் படத்தைப் பார்த்தாள். அத்தான் நெற்றியில் பொட்டு இல்லை, அக்கா அப்போதுதான் துடைத்திருந்தாள். ஆனால் படத்தில் மணப்பெண்ணாக நிற்கிற அக்காவின் நெற்றியில் இருந்த பொட்டையும் காணோம். கல்யாணத்தன்று இரண்டு கை நிறைய வளையல் போட்டிருந்தாள்...

படத்தில் இப்போது ஒரு வளையல்தான் மிச்சம்.