பஞ்சில் சிவப்பு

சாயங்காலம் ஆறரை இருக்கும். மழை விட்டு, அந்த நீளமான சாலையில் ஈ காக்கை இல்லை. சாலைக் கடைசியில் ஓவியக்கூடம். பின்பக்க அறையில் மட்டும் விளக்கு... உள்ளே என் சிநேகிதனுடைய சித்தப்பா. பழைய ஓவியங்களில் படிந்த அழுக்கை எடுப்பதுதான் அவருக்கு வேலை.

எப்படி எடுப்பார் தெரியுமா? குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல உருட்டுவார். எச்சில்தான். முகம் சுளிக்காதீர்கள், அந்தத் தொழிலில் அப்படித்தான். ஒவ்வொரு உருட்டலுக்கும் பஞ்சைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழுப்பு என்றால் அழுக்கு. வேறு நிறம் வந்தால்... ஓவியமே கரைகிறது. உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

அன்றைய படத்தில் ஒரு தாயும் மகளும் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசுகிறார்கள். திரைக்குப் பின்னால் ஓர் ஆள் ஒட்டுக்கேட்கிறான்.

சித்தப்பாவுக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டிலும் அதே கதை. செருப்புச் சத்தம் கேட்டாலே சித்தியும் மகளும் கப்சிப். "என்ன பேசினீங்க?" என்றால், "ஒண்ணுமில்லைங்க." அந்த ஒண்ணுமில்லை என்னவென்று தெரியாமல் மனுஷன் விடிய விடியப் புரளுவார். மகளின் பையைக்கூடக் கொட்டிப் பார்த்திருக்கிறார்.

படத்திலிருந்த மகளின் உதட்டில் பஞ்சை உருட்டினார். பழுப்பு. திடீரென்று சித்தி போடும் சோப்பு வாசனை...

"எப்பம்மா?"

அவர் மகளின் குரல். படத்திலிருந்து.

திரும்பிப் பார்த்தார். அறையில் யாருமில்லை. பிறகு தாயின் உதட்டுக்குப் போனார். உருட்ட உருட்ட, கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவருவதுபோல் சித்தியின் குரல். "அவருக்குத் தெரியக் கூடாதுடி... நாம ரெண்டு பேரும் அவரை..."

அதற்குமேல் வெறும் முணுமுணுப்பு. பஞ்சைத் திருப்பினார். சிவப்பு.

இத்தனை வருஷத்தில் சிவப்பைப் பார்த்த பிறகு அவர் கை நகர்ந்ததே இல்லை. அன்றைக்கு நகர்ந்தது. "அவரை என்னடி? சொல்லித் தொலை!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். சரக்... சரக்... குரல் பட்டென்று நின்றது. தாய்க்கு வாய் இல்லை. அந்த இடத்தில் வண்ணம் போய், அடியிலிருந்த வெறும் துணி.

வீட்டுக்கு ஓடினார். சித்திதான் கதவைத் திறந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். உதடு அசைந்தது... சத்தமே வரவில்லை.

"ஏய், வாயைத் திறந்து பேசு!"

மகள் எட்டிப் பார்த்தாள். "ஏம்பா கத்தறீங்க? அம்மா நல்லாத்தானே பேசறாங்க?"

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் எதிரிலேயே உட்கார்ந்து, சித்தி மகளிடம் நிதானமாக, நெடுநேரம் ஏதோ சொன்னாள். கையை ஆட்டி, இடையிடையே சிரித்து... ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. மகள் தலையாட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"சரிம்மா. அப்பா தூங்கட்டும்."

இவ்வளவையும் அன்றிரவே, அறையைத் தாழ்போட்டுக்கொண்டு, என் சிநேகிதனுக்குப் போனில் சொன்னார். கதவுக்கு வெளியே மகள் மட்டும் "ம்... ம்..." கொட்டுவது இவனுக்கும் கேட்டதாம்.

"தூங்கவே கூடாதுன்னுதான் பார்க்கறேன்..." என்று ஒரு கொட்டாவி விட்டார். "கண்ணைச் சொருகுதுடா."