ஆர்டிஸுக்கு அனுபவம் போதாதாம்!

தலைமை ஏற்று எங்கள் தலைகளையும் நிமிரச் செய்திருக்கும் போதகர் ஆம்ப்ரோஸ் விட்லோ அவர்களே! வெள்ளுடையும் விரிந்த தொப்பியுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் சபைத் தாய்மார்களே! மிசிசிப்பி மண்ணில் வெள்ளையர் வயலில் பருத்தி பறித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெரியோர்களே! வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தேடி வந்திருக்கும் பள்ளிக்குழுத் தலைவர் கிராண்டல் அவர்களே! வணக்கம்.

"ஆர்டிஸ் பெட்டிகுரூவை நம்ம பள்ளி அணிக்குத் திரும்ப வரச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு" என்கிறார் கிராண்டல். யாரைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டாமா?

நம் பள்ளி ஃபுட்பால் அணியில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுத்தவன் நான். அதை வாங்கி, அணிக்கெல்லாம் வழி சொல்லி, பாய்ந்து வரும் பகைவர் நடுவே பதறாமல் கையால் எறிந்த குவார்ட்டர்பேக், ஆர்டிஸ்! பல்கலைக்கழகம் அழைத்தது, போனான். அங்கே பயிற்சியாளர் சொன்னாராம்: "உனக்குக் கால் நல்லா இருக்கு தம்பி. நீ ஓடு. யோசிக்கிறதுக்கு வேற பையன் இருக்கான்." அந்த வேறு பையன் என்ன நிறம் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

ஓடினான். சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிக்குப் போயும் ஓடினான். முழங்கால் முறியும்வரை ஓடினான். பின் நம் ஊருக்கே வந்து நம் பள்ளியில் துணைப் பயிற்சியாளன் ஆனான். வியூகம் வகுத்தவன் யார்? ஆர்டிஸ்! பிள்ளைகளைப் பழக்கியவன் யார்? ஆர்டிஸ்! மாநிலக் கோப்பையோடு பத்திரிகையில் சிரித்தவர் யார்? தலைமைப் பயிற்சியாளர் ஹட்சின்ஸ்!

ஆமென் என்கிறீர்களா, சபை ஊழியர் டீக்கன் ஐயா? அவசரப்படாதீர்கள், இன்னும் இருக்கிறது.

ஹட்சின்ஸ் ஓய்வு பெற்றார். அவர் இடம் யாருக்குப் போனது? அவருடைய மருமகனுக்கு! கார் விற்றுக்கொண்டிருந்தவருக்கு! அன்று பள்ளிக்குழு அறைக்கு வெளியே ஆர்டிஸுக்காகக் காத்து நின்றவன் நான்.

"என்னடா சொன்னாங்க?"

"அனுபவம் பத்தாதாம், கிளீவன்."

"யாருக்கு, அந்த மருமகனுக்கா?"

"எனக்குடா."

அன்றே மைதானச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான், தாய்மார்களே!

ஆற்றைக் கடந்து அக்கரைப் பள்ளிக்குப் பயிற்சியாளனாகப் போனான். மைதானத்தில் விளக்குகூட இல்லாத பள்ளி அது. வெற்றியையே மறந்திருந்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் பிள்ளைகளைக் கொண்டுதான் சென்ற வெள்ளியன்று நம் பள்ளியைப் புரட்டி எடுத்தான்! உடனே உங்களுக்கு அவன்மேல் பாசம் பொங்கிவிட்டதோ, கிராண்டல் அவர்களே?

நீங்கள் வரப்போவதாகச் சொல்லி அனுப்பியதும், நேற்று நானே போய்க் கேட்டேன். அடுப்படியில் மீன் வறுத்துக்கொண்டே சொன்னான்:

"இந்த சீசன்ல இன்னும் பாதி ஆட்டம் பாக்கி இருக்கு, என் பசங்கள விட்டுட்டு வரவா? கிறுக்கா உனக்கு? அங்க வந்து ஒரு தடவ தோத்தா மறுபடி 'அனுபவம் பத்தாது'ன்னு அதே பாட்டுதான் பாடுவானுங்க. உக்காரு, மீன் ஆறிடும்."

அவன் வரமாட்டான், ஐயா! ஆனால் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். ஆடுவது நம் பிள்ளைகள், ஆளைத் தேர்வது நீங்களா? வியர்ப்பது நம் பிள்ளைகள், விதி எழுதுவது நீங்களா? வருகிற பள்ளிக்குழுத் தேர்தலில் உங்கள் நாற்காலிக்கு உங்களை எதிர்த்து நிற்கிறேன் நான், கிளீவன் டாக்கெட்!

கைதட்டியது போதும்; வாக்குச்சாவடிக்கு வாருங்கள்!

இத்தனை காலம் பொறுத்த பெரியோர்களுக்கு நன்றி. இனிப் பொறுப்பதில்லை என்று எழுந்து நிற்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்!