உருண்டைக்குப் பின்னால் ஓடிய எதிரோட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, முன்வரிசையில் மகளோடு இருக்கும் அண்ணி அவர்களே! வணக்கம். புகழ்ந்து பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். எந்த முகத்தோடு பேசுவேன்?

நம் வலைக்காரர் அண்ணன் மறைந்துவிட்டார். கணினியில் ஒரு பொருளைச் சுற்றி நுண்கட்டங்களால் வலை பின்னுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெயரும் அப்படி வந்ததுதான். "மீன் எப்பண்ணே மாட்டும்?" என்று கேலி செய்வோம். "பொறுங்கடா, இப்பதான் வாலாட்டுது" என்பார்.

பத்தாண்டுகளுக்கு முன், இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் பசைத் திரவத்தில் ஓர் உருண்டை விழுவதைக் கணக்கிட்டோம். உருண்டை இறங்கினால் பின்னாலிருக்கும் திரவமும் கூடவே இறங்க வேண்டாமா? அவர் கணக்கில், சற்றுத் தள்ளி, அது மேலே ஏறியது! "நிரல்ல எங்கயோ தப்புண்ணே" என்றேன். மூன்று வாரம் வலையை நெருக்கி நெருக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, எத்தனை தடவை போட்டாலும் மேலதான் போகுது. இழுத்ததை அது மறக்க மாட்டேங்குது."

நான் என்ன செய்தேன்? மாநாட்டுக்கு நான்கே நாள். மேடுபள்ளத்தையெல்லாம் நிரவிவிடும் ஓர் எண்மதிப்பை, சமன்பாட்டில் இல்லாததை, நிரலில் செருகினேன். எதிரோட்டம் காணாமல் போனது. படம் என்ன அழகு! கைதட்டலும் எனக்கு, ஆய்விதழில் முதற்பெயரும் எனக்கு, பதவியும் எனக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், தோழர்களே!

ஈராண்டு கழித்து வேறொரு கூடத்தில் கண்ணாடிக் குழாயில் உருண்டையைப் போட்டுப் படமெடுத்தார்கள். திரவம் மேலே ஏறியது. அண்ணன் அந்தப் படத்தை என் மேசையில் வைத்தார். சத்தம் போட்டாரா? இல்லையே! "நீயே எழுதித் திருத்திடு தம்பி. நான் யார்கிட்டயும் சொல்லல."

"ஆகட்டும்ணே" என்றேன். எட்டு ஆண்டுகள் போய்விட்டன. அவர் இரண்டாம் முறை கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அவர் கேட்காததைவிட அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணி, அவருக்கு ஏன் பதவி உயர்வு வரவில்லை என்று ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். "அண்ணன் கணக்கு அடிக்கடி தப்பிடுது அண்ணி" என்றேன். நீங்கள் நம்பினீர்கள். வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை இதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன், முதற்பெயர் அவருடையது. விடை பிடிக்கவில்லை என்று இந்தக் கூடத்தில் இனி எவரும் நிரவக் கூடாது, முதலில் நான். அவர் பின்னிய வலையில், அந்த எண்மதிப்பைப் பூஜ்ஜியமாக்கி, கணக்கை ஓடவிட்டு வந்திருக்கிறேன்.

அண்ணி, கூட்டம் முடிந்ததும் மகளோடு மாடிக் கணினி அறைக்கு வாருங்கள். அப்பா சரியாகத்தான் போட்டார் என்று அவளிடம் சொல்ல எனக்கு அருகதை இல்லை. திரையில் திரவம் மேலே ஏறும், அவளே பார்க்கட்டும்.