சித்திரக்கதை ஞாயிறு

பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை நிற்க வைக்கக் கூடாது. படுக்கப் போட்டுத்தான் அடுக்க வேண்டும். நிற்க வைத்தால் ஒரே வருஷத்தில் முதுகு வளைந்து, நடுப்பக்கம் தனியே கழன்று வந்துவிடும். நீங்கள் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேன். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

தர்ஷன் சிங்கின் மனைவி உங்கள் விசாரணைக் கமிஷனுக்குக் கொடுத்த மனுவில் என் பெயர் இருப்பதாகச் சொன்னீர்கள். குடும்ப நண்பர், விவரம் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறாளாம். நல்ல பெண். விவரம் தெரிந்தவன்தான் நான். இரண்டு வருஷமாக யாரும் வந்து கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. உள்ளேயே வைத்திருந்து எனக்கும் அலுத்துவிட்டது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எழுபத்து நாலில் ஆரம்பித்தேன். அப்போது நான் ஓர் அமைச்சகத்தில் ரிக்கார்டு பிரிவில் இருந்தேன். இதே ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்தான். சென்னையில் ஒரு சின்ன அச்சகம் மாதம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தது. தில்லிக்குப் பத்துப் பிரதி வந்தால் அதிகம். இங்கே ஒருவனிடம் மூன்றாம் பாகம் இருக்கும், பாலம் விமானப்படைத் தளத்தில் இருக்கிற இன்னொருவனிடம் நாலாம் பாகம் இருக்கும், இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நான் எல்லோருக்கும் கார்டு போட்டு, பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் லோதி ரோடில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டினேன். சித்திரக்கதை ஞாயிறு என்று பெயர் வைத்தேன்.

ஜமக்காளம் விரிப்போம். அவரவர் புத்தகங்களை முன்னால் பரப்பி வைப்பார்கள். ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். விற்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. என் மனைவி ருக்கு புளியோதரை கட்டிக் கொடுப்பாள். வந்தவர்களின் பெயர், விலாசம், கையில் இருக்கும் புத்தக நம்பர் எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்தேன். லட்சுமணன் என்று தபால் பிரிப்பகத்தில் வேலை பார்த்தவர், ஐம்பது வயதுக்காரர், காஜியாபாத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பேச மாட்டார். சுவரோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். அவர் முகத்தைப் பார்த்தால் அந்த வருஷம் பூராவும் நான் பட்ட பாடு தீர்ந்துவிடும்.

தர்ஷன் வந்தது இரண்டாம் வருஷம். வாசலில் ஒரு சர்தார் வந்து நின்றதும் ஹாலுக்குத் தப்பாக வந்துவிட்டான் என்று நினைத்து, ஹிந்தியில் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"சார், நீர்மூழ்கி நீலன் பதினோராம் நம்பர் இருக்கா? அவன் செத்தானா பொழைச்சானான்னு தெரியாம எட்டு வருசமா தவிக்கிறேன் சார்" என்றான், அச்சு அசல் மெட்ராஸ் தமிழில்.

அவன் அப்பா சென்னையில் லாரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தவர். பியுசி வரை அங்கேயே படித்தவன். பதினோராம் நம்பர் என்னிடம் இருந்தது. கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்து முடித்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் அவன் தவறவில்லை. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படத்தை மட்டும் பார்த்துப் புரட்டுவார்கள். தர்ஷன் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவான். வில்லனுக்கு ஒரு குரல், நீலனுக்கு ஒரு குரல், சுறா மீனுக்குக்கூட ஒரு குரல். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சர்தார் தமிழ் படித்துக் காட்டுகிறானே என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். நான்காம் வருஷம் வாக்கில், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளைகள் "தர்ஷன் அங்கிள் ஆயா க்யா?" என்று, அவன் வந்தாயிற்றா என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். என் பெயரை யாரும் கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

எண்பத்திரண்டில், ஏசியாட் விளையாட்டுப் போட்டி நடந்த வருஷம், சென்னை அச்சகத்தை ஒரு கம்பெனி வாங்கியது. பற்பசையும் பள்ளிக்கூட நோட்டும் செய்கிற பெரிய கம்பெனி. கலர் டிவி வந்துவிட்டது, இனி சித்திரக்கதையும் கலரில்தான் என்று விளம்பரம் செய்தார்கள். தில்லியில் அதைக் கவனிக்கத் தமிழும் ஹிந்தியும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் தேடினார்கள். தர்ஷனை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு முதலில் வந்து சொன்னது அவன்தான், இனிப்போடு வந்தான்.

"இனிமே நம்ம ஞாயிறு பெரிசா நடக்கும் சார். எல்லாச் செலவும் கம்பெனிது. உங்க நோட்ட ஒரு வாரம் குடுங்க, அழைப்பு அனுப்பணும்."

கொடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு விலாசங்கள் அதில் இருந்தன.

எண்பத்து மூன்று ஜனவரியில் மதுரா ரோடு பக்கம் ஒரு பெரிய வாடகை ஹாலில் நடத்தினார்கள். நுழைவுச் சீட்டு. வாசலில் காவலாளி என் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பழைய புத்தகம் உள்ளே கூடாது என்று வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தான். கேட்டால், பழைய புத்தகம் கைமாறினால் புதியது விற்காதாம். உள்ளே ஸ்பீக்கர் அலறியது. ரப்பர் முகமூடி போட்ட ஆட்கள் பிள்ளைகளுக்குப் பற்பசை கொடுத்தார்கள். ஹிந்தி, இங்கிலீஷ் புத்தகங்களுக்கு நீள நீளமாய் மேஜைகள். தமிழுக்குக் கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரே ஒரு மேஜை. எனக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டு, சட்டையில் சிறப்பு விருந்தினர் என்று அட்டை குத்தினார்கள். அதில் ராமமூர்த்தி என்ற என் பெயரை ராம்மூர்த்தி என்று போட்டிருந்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நான்காயிரம் பேர் வந்தார்கள். என் ஜமக்காளத்தில் நூற்றிருபது பேருக்கு மேல் உட்கார்ந்ததில்லை. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

லட்சுமணன் சட்டைக்குள் ஒரே ஒரு புத்தகத்தை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். மூலையில் நின்று யாரோ ஒருவரிடம் மாற்றிக்கொள்ளும்போது காவலாளி பார்த்துவிட்டான். காலரைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு போனான். முதல் வரிசையிலிருந்து நான் பார்த்தேன். எழுந்து போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு விலாசங்களுக்கும் பற்பசை விளம்பரம் போயிற்று. லட்சுமணனிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. "நீங்களும் எங்களை விற்றுவிட்டீர்களே" என்று ஒரே வரி. மூன்று கார்டு பதில் போட்டேன். ஒன்றுக்கும் அவரிடமிருந்து பதில் இல்லை.

தர்ஷனிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "விளம்பரத்துக்குன்னு என்கிட்ட சொல்லல சார். தப்பு என்னுதுதான்" என்றான். அடுத்த ஜனவரியில் தமிழ் மேஜையும் இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. அந்த ஞாயிறு முழுக்க இதே அறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டேன்.

எண்பத்து நாலு, அக்டோபர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை. தர்ஷன் ஸ்கூட்டரில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"வேலைய வுட்டுட்டேன் சார். அவனுங்களோட சேர முடியாது. லோதி ரோடு ஹாலுக்குச் சொல்லிட்டேன். பொங்கலுக்குப் பழையபடி ஜமக்காளம் விரிச்சிடலாம். எல்லாருக்கும் நானே லெட்டர் போட்டேன். லட்சுமணன் சார்கூட வரேன்னு பதில் போட்டிருக்கார்."

சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக் காட்டினான். அதே கையெழுத்து. "நீங்கள் அழைத்தால் வராமல் இருப்பேனா" என்று எழுதியிருந்தது.

நல்லது என்று சொன்னேன். காப்பி கொடுத்தேன். அவன் போன பிறகு ருக்கு, "பாவம், உத்தியோகத்தையே விட்டுட்டு வந்திருக்கான். நீங்க ஒரு வார்த்தை சந்தோஷமாச் சொல்லப்படாதோ?" என்றாள். சொன்னேனே என்றேன்.

புதன்கிழமை பிரதமர் சுடப்பட்டார். அன்று சாயங்காலமே ஊரில் பஸ்களை நிறுத்தி சர்தார்களை இறக்கி அடிக்கிறார்கள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். இருட்டுவதற்கு முன்னால் தர்ஷன் வந்தான். நடந்தே வந்திருந்தான். எங்கள் செக்டாரைத் தாண்டி ஒரு தனியார் காலனியில் அவன் வீடு, பத்து நிமிஷ நடை. மனைவியும் பெண்ணும் ஜலந்தருக்குப் போயிருந்தார்கள்.

"ரெண்டு நாள் இங்க இருந்துக்கட்டுமா சார்? நான் மட்டும்தான்."

நான் யோசித்தேன். இது சர்க்கார் குவார்ட்டர்ஸ். வெளியாளைத் தங்க வைப்பதற்கு விதிகள் உண்டு. அதை எடுத்துச் சொன்னேன். ஒன்றும் நடக்காது, வாசலில் பெயர்ப் பலகையை மட்டும் கழற்றிவிட்டு உள்ளேயே இரு, யார் தட்டினாலும் திறக்காதே, காலையில் நானே வந்து பார்க்கிறேன் என்றேன். நல்ல யோசனைதான் அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். சமையலறையிலிருந்து ருக்கு என்னைக் கூப்பிட்டு, "உள்ள வரச் சொல்லுங்கோளேன்" என்றாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். தர்ஷன் "சரி சார், நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பால் வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, அப்படியே தர்ஷனைப் பார்க்கப் போனேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. அந்தக் காலனித் தெருவில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். இரும்புக் கம்பி, மண்ணெண்ணெய் டின். ஒருவன் கையில், சர்தார்களின் பெயரும் தெருவும் குறித்த ரேஷன் கடைப் பட்டியல் இருந்தது. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள், பெயர்ப் பலகை இல்லாததால் அவர்களுக்கு எது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"பாய்சாப், சர்தார் கா கர் கோன் ஸா ஹை?" என்று, சர்தார் வீடு எது என்று, பட்டியல்காரன் என்னிடமும் கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். என்னை யாரும் தொடவில்லை, மிரட்டவில்லை. உங்கள் காகிதத்தில் பயத்தினால் என்று எழுத வேண்டாம்.

மூன்றாவது வீடு என்று சொன்னேன்.

இரும்புக் கதவு. உள்தாழ்ப்பாள் கனமானது. கம்பியால் நெம்பிப் பார்த்தார்கள், அசையவில்லை. பட்டியல்காரன், உனக்குத் தெரிந்தவன்தானே, நீ கூப்பிடு என்றான். நான் கதவருகே போய், தமிழில் கூப்பிட்டேன்.

இந்த இடத்தைத்தான் நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அந்த முப்பது பேரில் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. திறக்காதே, பின்பக்கமாக ஓடிவிடு என்று நான் உரக்கவே சொல்லியிருக்கலாம். அவர்கள் காதில் அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். பின்னால் ஒரு சந்து இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும்.

"தர்ஷன், நான்தான் ராமமூர்த்தி. கதவைத் திற" என்று சொன்னேன்.

உடனே திறந்தான். தலைப்பாகை இல்லை, தலைமுடி ஈரமாகத் தோளில் கிடந்தது. "வாங்க சார்" என்றான். அப்புறம் எனக்குப் பின்னால் பார்த்தான். அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. திரும்பி நடந்தேன். தெருமுனைக்குப் போவதற்குள் புகை தெரிந்தது. அன்று பால் டெப்போ திறக்கவில்லை. வெறும் தூக்கோடு வீட்டுக்கு வந்தேன். ருக்கு, தர்ஷன் சௌக்கியமா என்று கேட்டாள். வீடு பூட்டியிருந்தது என்றேன். சாயங்காலம் விஷயம் தெரிந்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. என்ன தெரியுமோ அவளுக்கு, நான் கேட்டதில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். கோபம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை விற்றவன் இன்னொரு தடவை விற்க மாட்டான் என்று என்ன நிச்சயம்? அவனுக்கே தெரியாமல் விற்றுவிடுவான், நல்லவன், யாரையும் நம்புகிறவன். அந்த லோதி ரோடு ஹாலையும் எவனாவது வந்து வாங்கிக்கொண்டு போவான். பத்து வருஷம் நான் தூக்கிச் சுமந்தது. இன்னொரு தடவை முதல் வரிசையில் உட்கார எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஜனவரி பதிமூன்றாம் தேதி, தர்ஷன் சொல்லிவைத்த அதே ஹாலில், சித்திரக்கதை ஞாயிறு நடந்தது. கம்பெனி அந்த வருஷம் எதுவும் நடத்தவில்லை. அறுபது பேர் வந்தார்கள். லட்சுமணன் வந்தார். தர்ஷனுக்காக இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றோம், கடிகாரம் பார்த்தது நான்தான். லட்சுமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார், பழையதையெல்லாம் மறந்துவிட்டேன் என்றார். பிள்ளைகளுக்கு யார் படித்துக் காட்டுவது என்று பேச்சு வந்தது. நான் உட்கார்ந்து படித்தேன். எனக்கு விதவிதமாகக் குரல் வராது. இருந்தாலும் சத்தம் போடாமல் கேட்டார்கள்.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியுமா? தர்ஷன் ஆசைப்பட்டபடியே எல்லாம் பழையபடி நடந்தது என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு அது ஆறுதலாக இருக்கும்.